அண்ணன் ஜெயில்ல, அண்ணி வேற ஒருத்தரோட இருக்காங்க. அண்ணன்கிட்ட சொல்றதா வேணாமா?

மஸ்கெலியா_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். மூணு நாளா டைப் பண்ணி டைப் பண்ணி அழிச்சுட்டு இன்னைக்குத்தான் போடுறேன். பேரு, தோட்டம் எதுவும் சொல்லல, இலங்கை மலையகத்துல மஸ்கெலியா பக்கம்னு மட்டும் வச்சுக்கங்க. நீளமா இருக்கும், பொறுமையா வாசிங்க.

எங்க அண்ணன் ரெண்டு வருசமா உள்ள இருக்காரு. திருவிழா நேரத்துல நடந்த அடிதடி, ஒருத்தருக்குத் தலையில பலத்த காயம், கேஸ் இழுத்து இழுத்து கடைசில அஞ்சு வருசம் போட்டாங்க. அண்ணன் செஞ்சது தப்புதான், அதப்பத்திப் பேச வரல. அண்ணனுக்கு ரெண்டு புள்ளைக, மகனுக்கு 9 வயசு, மகளுக்கு 6.

மொத வருசம் அண்ணி மாசம் தவறாம போனாங்க. விடியக்காலம் மொத பஸ்ஸ எடுத்து ஹட்டன், அங்கருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளைன்னு சுத்தி கண்டி, அப்புறம் இன்னொரு பஸ், திரும்பி தோட்டத்து லய வீட்டுக்கு வரும்போது இருட்டிரும். புள்ளைகளையும் தூக்கிட்டுப் போவாங்க. நான் எதையும் மறைக்கல, அவங்க பட்ட பாடு எனக்குத் தெரியும். தேயிலைக் கொழுந்துச் சம்பளத்துல ரெண்டு புள்ளையயும் பாத்து லோயருக்குப் பட்ட கடனையும் கட்ட முடியாம கட்டுநாயக்கா பக்கம் கார்மென்ட்ஸுக்குப் போனாங்க, புள்ளைக எங்க அம்மாகிட்ட. மாசா மாசம் காசு அனுப்புவாங்க, இப்பவும் அனுப்புறாங்க.

இந்தத் தைப்பொங்கலுக்குப் பொறகு அண்ணனப் பாக்கப் போகல. சித்திரை லீவுக்கு வந்தப்ப தண்ணி பிடிக்கிற பீலியடியில என்னைய தனியா கூப்ட்டு சொன்னாங்க, அங்க ஒருத்தரோட இருக்கேன், இனிமே திரும்பி வரமாட்டேன், உங்கண்ணன்கிட்ட இப்ப சொல்லாத, அவரு வெளிய வந்த பொறகு நானே சொல்லிக்கிறேன்னு. பேசிக்கிட்டே அண்டா நெரம்பி வழியுறதக்கூட கவனிக்கல. எனக்கு அன்னைக்கு கோவமும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு, எது மொதல்ல வந்துச்சுன்னு தெரியல.

அதுலருந்து நானும் அம்மாவும் பொய் சொல்லிக்கிட்டு இருக்கோம். லீவு கெடைக்கல, காய்ச்சல், மண்சரிவுன்னு ரோட்ட மூடிட்டாங்க. எந்த மாசம் என்ன சொன்னோம்னு மறந்துறக்கூடாதுன்னு அம்மா என்னைய வச்சு சாமி காலண்டர்ல பென்சிலால சின்னதா எழுத வச்சிருக்காங்க, மே - காய்ச்சல், ஜூன் - ஓவர்டைம், இப்பிடி. அந்த காலண்டருக்குக் கீழதான் அம்மா தெனமும் வெளக்கு வைக்கிறாங்க.

போன மாசம் அண்ணன் லெட்டர்ல அண்ணியும் புள்ளைகளும் சேந்து நிக்கிற போட்டோ ஒண்ணு கேட்டாரு. புதுசா எங்க போறது, ரெண்டு வருசத்துக்கு முந்தி எடுத்தத பிரிண்ட் போட்டு அனுப்பிட்டேன். அடுத்து பாக்கப் போனப்ப கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு கேக்குறாரு, "பாப்பாவுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்துருச்சுன்னு சொன்னியே, போட்டோவுல பல்லு இருக்கே?" நான் அது விழுறதுக்கு முந்தி எடுத்ததுன்னு சமாளிச்சேன். அவரு ஒண்ணும் சொல்லல, தலைய மட்டும் ஆட்டுனாரு. அந்த தலையாட்டுதான் எனக்கு ராத்திரி தூக்கத்துல வருது.

அம்மாகிட்ட இனிமே சொல்லிருவோம்மான்னு கேட்டா ஏம் பொணத்துமேல ஏறிப் போய்ச் சொல்லுன்னு கத்துறாங்க. அவன் உள்ளயே ஏதாச்சும் செஞ்சுக்குவான்னு பயம். எனக்கும் அந்தப் பயம் இருக்கு. ஆனா இன்னும் ரெண்டு வருசத்துக்கு மேல இத இழுக்க முடியுமான்னு தெரியல. சொல்றதுன்னா யாரு சொல்லணும், லெட்டர்லயா நேர்லயா, அண்ணி சொல்லாதன்னு சொன்னத மீறலாமா? இப்பிடி ஒரு நெலமையில இருந்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. அண்ணிய கேவலமா பேசுற பதில் மட்டும் வேணாம், தயவுசெஞ்சு.


தலவாக்கலை_பெரியவர்:

மகள், நான் உள்ள இருந்தவன். ஏழு வருசம். 1876ல வெள்ளக்காரன் கட்டுன கண்டி போகம்பரை ஜெயில்ல இருந்தேன், 2014 ஜனவரில அத மூடி எங்கள எல்லாம் பல்லேகலை ஜெயிலுக்கு மாத்துனப்பவும் உள்ளதான். இதெல்லாம் எங்க புள்ளைகளுக்கே நான் முழுசா சொன்னதில்ல, நீ கேட்டதால எழுதுறேன்.

எனக்கு யாரும் சொல்லல. எங்க பக்கத்து டிவிசன் பொடியன் ஒருத்தன் புதுசா உள்ள வந்தான், ஊர்க்காரன்னு நானே தேடிப் போய் பேசுனேன். அடுத்த நாள் தண்ணித் தொட்டிகிட்ட எல்லாரும் குளிக்கிற நேரம், அவன் கெட்ட எண்ணத்துல கேக்கல, எனக்குத் தெரியும்னு நெனச்சுக்கிட்டுத்தான் கேட்டான், "அண்ணே, அண்ணி இப்ப பண்டாரவளைல அந்த மேசனோட இருக்காங்களே, புள்ளைக யாருகிட்ட?" கையில கோப்பை, அதுல தண்ணி. சுத்தி நாப்பது பேர். நான் அந்தத் தண்ணிய தலையில ஊத்திக்கிட்டேன், வேற என்ன செய்ய. அழுதாலும் தெரியாது பாரு.

அந்த மாசக் கடைசில அம்மா வந்தாங்க. அவளுக்குத் தடிமன், அதான் வரல, அடுத்த தடவ வருவான்னாங்க. நான் சரிம்மான்னேன். அவங்களுக்குப் பதினோரு மாசமா தெரியும். பொஞ்சாதி போனது வலிக்கலன்னு சொல்லமாட்டேன், ஆனா அது ஒரு மாதிரி வலி. அம்மா என் மொகத்தப் பாத்துக்கிட்டே பொய் சொன்னாங்க பாரு, அது வேற. அதுக்கப்புறம் வீட்லருந்து என்ன சேதி வந்தாலும் நான் நம்பல. அப்பாவுக்கு ரொம்ப முடியல, ஆஸ்பத்திரில வச்சிருக்குன்னு அம்மா சொன்னப்பவும், என்னைய வேற எதுலருந்தோ திசை திருப்பத்தான் இதச் சொல்றாங்கன்னு நெனச்சு ஒரு வார்த்த கேக்கல. மூணு கெழமைல அப்பா போய்ட்டாரு. நான் அவருக்கு ஒரு லெட்டர்கூட போடல மகள்.

அதனால சொல்லிரு. உங்கண்ணனுக்குப் பாதி தெரியும், பல்லக் கேட்ட ஆளு மத்தத கவனிக்காம இருப்பாரா? உள்ள இருக்குறவனுக்கு வேல என்ன, வந்தவங்க சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அடுத்த மாசம் வரைக்கும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்குறதுதான்.

எப்பிடி சொல்றதுன்னா, லெட்டர் வேணவே வேணாம். லெட்டர உத்தியோகத்தர் வாசிச்சுட்டுத்தான் குடுப்பாங்க, அது ஒரு அவமானம், அதோட கையில வச்சுக்கிட்டு நூறு தடவ படிப்பான். நேர்ல போ. போன ஒடனே மொத நிமிசத்துல சொல்லு. மத்ததெல்லாம் பேசிட்டு நேரம் முடிஞ்சுன்னு கூப்புடறப்ப கடைசில சொல்லிட்டு வந்துராத, அது கழுத்த அறுக்குற மாதிரி. அந்தக் கம்பிக்கு முன்னால பத்துப் பேர் ஒரே நேரத்துல கத்துவாங்க, அங்க இத எப்பிடி சொல்லுவ? அதனால போறதுக்கு முந்தி நலன்புரி அதிகாரியப் பாத்து விசயத்த சொல்லி, ஒக்காந்து பேச எடம் தரச்சொல்லிக் கேளு. எப்பவும் கெடைக்கும்னு சொல்லமாட்டேன், கேட்டா குடுக்குற மனுசங்களும் இருக்காங்க. கெடைக்காட்டியும் அவருக்குத் தெரிஞ்சிருக்கணும், ஏன்னா நீ போன பொறகு அவன ஒரு கண்ணு பாக்க ஆள் வேணும். சாயங்காலம் லொக்கப் போட்டா காலையில தொறக்குற வரைக்கும் சொவருதான். காலையிலயே போய் சொல்லு, பகல்ல நாலு பேரோட இருந்து கொஞ்சம் ஆறட்டும்.

இன்னொண்ணு. வெசாக், பெப்ரவரி 4 சுதந்திர தினம் மாதிரி நாள்ல ஜனாதிபதி பொதுமன்னிப்புன்னு கொஞ்சப் பேர விடுவாங்க, உள்ள இருக்குற எல்லாரும் நம்ம பேரு வருமான்னு கெடப்போம். பேரு வராத கெழம மனசு செத்துப் போயிருக்கும். அந்தக் கெழம போகாத.


பதுளை_மழை:

நான் மறுபக்கத்துல இருந்தவ. அதாவது உங்க அண்ணி எடத்துல. திட்டுவீங்கன்னு தெரிஞ்சும் எழுதுறேன், தங்கச்சி அண்ணிய கேவலமா பேசாதீங்கன்னு போட்டிருந்ததால தைரியம் வந்துச்சு.

எம் புருசன் உள்ள போனப்ப எனக்கு 24. லயத்துல ஆம்பள இல்லாத காம்பராவுல ஒரு பொம்பள ரெண்டு புள்ளையோட இருந்தா ராத்திரி கதவு தட்டுறதுக்கு ஆள் இருக்கும், இத எந்த மாமியாவும் நம்பமாட்டா, இவ தொறந்து விட்டாளோன்னுதான் கேப்பா. 2024ல நாள் சம்பளம் 1350 ஆச்சுன்னு பேப்பர்ல பெருசா போட்டாங்க, சொன்ன கிலோ எடுத்தாத்தானே முழுப்பேரு, அதாவது முழு நாள் சம்பளம், மழ நாள்ல அரைப்பேரு. நான் சாக்கு சொல்லல. மூணு வருசம் காத்துக்கிட்டுத்தான் இருந்தேன், பொறகு முடியல. நல்ல மனுசன் ஒருத்தர் வந்தாரு, புள்ளைகளுக்கு சப்பாத்து வாங்கிக் குடுத்தாரு, அவ்வளவுதான் என் கத.

நானே போய் சொன்னேன். போற வழியில பஸ்ஸ விட்டு எறங்கி வாந்தி எடுத்தேன். அவரு ரொம்ப நேரம் பேசல, பொறகு புள்ளைக என்னைய அப்பான்னு கூப்புடுவாங்களான்னு கேட்டாரு. கூப்புடுவாங்க, மாசா மாசம் கூட்டிக்கிட்டு வருவேன், நான் வர வேணாம்னா உங்க தங்கச்சியோட அனுப்புவேன்னேன். அத நான் இன்னும் மீறல. அவரு வெளிய வந்து மூணு வருசம், மகளோட சடங்குக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணா நின்னோம்.

அதனால தங்கச்சி, மொதல்ல அண்ணிகிட்ட திரும்பப் பேசுங்க. இது அவங்க சொல்ல வேண்டியது. அவரு வெளிய வந்த பொறகு சொல்றேன்னு அவங்க சொன்னது பயத்துல, நானும் மொதல்ல அப்பிடித்தான் நெனச்சேன். அவங்களுக்கு ஒரு நாள் குடுங்க, இந்த மாசம் முடியுறதுக்குள்ள நீங்க வந்து சொல்லுங்க அண்ணி, இல்லாட்டி நான் சொல்லப் போறேன், உங்களக் கொற சொல்லாம சொல்லுவேன்னு நேரா சொல்லிருங்க. அவங்களுக்குத் தெரியாம போய் சொன்னாத்தான் அது காட்டிக் குடுக்குறது. சொல்லிட்டுச் செஞ்சா இல்ல.

ஒண்ணு மட்டும் செஞ்சுறாதீங்க. அவன் யாரு, என்ன வேல, எந்த ஊரு, எப்ப தொடங்குச்சு, இதெல்லாம் நீங்க சொல்ல வேணாம். கேப்பாரு. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்னு நிறுத்துங்க. உள்ள இருக்குற மனுசனுக்கு ஒரு பேரக் குடுத்தா அந்தப் பேர மென்னுக்கிட்டே கெடப்பாரு.


நோர்வூட்_செல்வம்:

மன்னிக்கணும், நான் வேற மாதிரி நெனக்கிறேன். சொல்ல வேணாம். எங்க சித்தப்பாவுக்கு இப்பிடித்தான் பொறுப்பில்லாம யாரோ சொல்லி, அன்னைக்கு ராத்திரியே கையில வெட்டிக்கிட்டாரு. உயிர் பொழச்சுட்டாரு, சாமி புண்ணியம். ரெண்டு வருசம்தானே, நன்னடத்தைல நாள் கொறைப்பாங்க, வெளிய வந்து சொந்த பந்தம் சுத்தி இருக்குறப்ப சொல்லுங்க. அம்மா சொல்றதுலயும் நியாயம் இருக்கு.


தலவாக்கலை_பெரியவர்:

தம்பி செல்வம், சித்தப்பாவுக்கு யாரோ சொல்லித்தானே அப்பிடி ஆச்சு? வீட்டாளு ஒக்காந்து சொல்லல இல்ல. எனக்கும் யாரோதான் சொன்னாங்க. நீங்க சொல்ற பயம் நெசம், நான் அத லேசா எடுக்கல, ஆனா வீடு சொல்லாம விட்டா ஜெயில் சொல்லும், எப்ப சொல்லும் எப்பிடி சொல்லும்னு நம்ம கையில இல்ல. மஸ்கெலியா நோர்வூட் பக்கத்துலருந்து புதுசா ஒரு பொடியன் உள்ள போனா போதும்.

மகள், செல்வம் சொன்னதுல ஒண்ண எடுத்துக்க. சொன்ன பொறகு சீக்கிரம் திரும்பப் போ. அடுத்த மாசம்னு விடாத, எப்ப விடுவாங்களோ அந்த மொத நாளுக்கே போய் நில்லு. உள்ள அவனுக்கு நெருக்கமான கூட்டாளி யாருன்னு தெரிஞ்சா அவன் வீட்டாளுக மூலமா ஒரு வார்த்த சொல்லி வை, ராத்திரில பக்கத்துல படுன்னு. நலன்புரி அதிகாரிகிட்ட உங்க பயத்த மூடி மறைக்காம சொல்லு, தன்னயே ஏதும் செஞ்சுக்குவாருன்னு பயமா இருக்குன்னு அந்த வார்த்தயாவே சொல்லு. சுத்தி வளச்சு சொன்னா அவங்களுக்கு வெளங்காது.


கோட்_கந்தோர்:

நான் நுவரெலியா மாவட்டத்துல ஒரு லோயர்கிட்ட கிளார்க்கா இருக்கேன், லோயர் இல்ல, பாத்துப் பழகுனத வச்சு சொல்றேன், சரியா தெரிஞ்சுக்க ஒரு சட்டத்தரணிகிட்டயே கேளுங்க.

பொதுவா நம்ம ஆளுகளோட கல்யாணப் பதிவு 1907ம் வருசத்து விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்துலதான் வரும். அதுல விவாகரத்துக்கு காரணம் மூணுதான், பிறர் மனை நயத்தல், கெட்ட எண்ணத்தோட கைவிட்டுப் போறது, கல்யாணத்தப்பவே இருந்த குணப்படுத்த முடியாத ஆண்மையின்மை. புருசன் ஜெயில்ல இருக்காருங்குறது மட்டும் காரணமா எடுபடாது. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோம்னு போய் நின்னாலும் சட்டப்படி இந்த மூணுல ஒண்ணக் காட்டித்தான் வழக்கு நடக்கும். இத ஏன் சொல்றேன்னா, அண்ணி நாளைக்கு அந்தப் புதுசுக்கு ஒரு பதிவு வேணும்னு நெனச்சா, விவாகரத்து எடுக்காம ரெண்டாவது பதிவு பண்ணுனா அது குற்றம். அதனால எப்பவாச்சும் மாவட்ட நீதிமன்றத்துக்கு வரத்தான் வேணும். வழக்குப் போட்டா அழைப்பாணை அண்ணன் கைக்குப் போகும், ஜெயிலுக்கே போகும். நான் அப்பிடிப் போனதப் பாத்திருக்கேன். சிங்களத்துல அடிச்ச தாள், இவருக்கு வாசிக்கத் தெரியாது, பக்கத்துல இருந்தவன் வாசிச்சுச் சொல்லித்தான் தன் பொஞ்சாதி விவாகரத்து கேக்குறான்னு அந்த மனுசனுக்குத் தெரிஞ்சுச்சு. கோட்டுக்குக் கூட்டி வந்தப்ப அவரு யாரையும் நிமிந்து பாக்கல.

அண்ணி வேற ஒருத்தரோட இருக்குறது பொலிஸ் கேஸ் ஆகாது, யாராச்சும் பொலிஸ்ல போடுவோம்னு அம்மாவ ஏத்தி விட்டா கேக்காதீங்க. புள்ளைக விசயத்துல இப்பவே சண்டைக்குப் போக வேணாம், அம்மாகிட்ட இருக்காங்க, அண்ணி காசு அனுப்புறாங்க, அத அப்பிடியே விடுங்க. பிரச்சினன்னு வந்தா சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு, வசதி இல்லாதவங்களுக்கு காசு வாங்காம பாப்பாங்க, பிரதேச செயலகத்துலயும் பெண்கள், சிறுவர் விசயம் பாக்குற உத்தியோகத்தர் இருப்பாங்க.


டிக்கோயா_டீச்சர்:

ஒரே ஒரு கேள்வி தங்கச்சி. மகனுக்குத் தெரியுமா? 9 வயசுன்னா தெரிஞ்சிருக்கும். அவன அப்பாவப் பாக்கக் கூட்டிட்டுப் போறப்ப என்ன சொல்லிக் கூட்டிட்டுப் போறீங்க?


மஸ்கெலியா_பொண்ணு:

டீச்சர், நீங்க கேட்டத வாசிச்சுட்டு போன கீழ வச்சுட்டு வெளிய போய் இஸ்தோப்புல ஒக்காந்துட்டேன். அவனுக்குத் தெரியும். அம்மா வேற வீட்ல இருக்காங்கன்னு அவனாத்தான் சொன்னான். போன தடவ பஸ்ஸுல போறப்ப, "அத்த, இன்னைக்கு அம்மாவுக்கு என்ன? காய்ச்சலா லீவு இல்லயா?" ன்னு கேட்டான். என்ன சொல்றதுன்னு மனப்பாடம் பண்ணிக்கிட்டு வர்றான். நானும் லீவு இல்லன்னு சொல்லுன்னு சொல்லிக் குடுத்தேன். எனக்கு அப்ப அது தப்பாவே தெரியல.

பெரியவர் ஐயா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. அண்ணிக்கு கோல் எடுக்குறேன்.


டிக்கோயா_டீச்சர்:

உங்களக் கொற சொல்லக் கேக்கல. எங்க வகுப்புலயும் இப்பிடி புள்ளைக இருக்காங்க, அப்பா எங்கன்னு கேட்டா டுபாய்னு சொல்லுவாங்க, நான் அதுக்கு மேல கேக்கமாட்டேன். அண்ணன்கிட்ட சொல்லப் போற அன்னைக்கு புள்ளைகள கூட்டிட்டுப் போகாதீங்க. அதுக்கு அடுத்த தடவ கூட்டிட்டுப் போங்க, இனிமே எதையும் மறைக்க வேணாம்னு மகனுக்கு மொதல்லயே சொல்லிருங்க. அம்மாவுக்கும் யாராச்சும் பேச வேணும்னா 1926க்கு எடுக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தோட எண்.


மஸ்கெலியா_பொண்ணு:

மூணு மாசம் ஆச்சு, போய்ட்டு வந்துட்டேன். சொல்லிட்டேன்.

அண்ணிகிட்ட மொதல்ல பேசுனேன். பதுளை அக்கா சொன்ன மாதிரியே சொன்னேன், நீங்க வாங்க இல்லாட்டி நான் சொல்லுவேன்னு. மொதல்ல போன வச்சுட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு அவங்களே எடுத்து, என்னால அந்தக் கம்பிக்கு முன்னால நிக்க முடியாது, நீயே சொல்லு, ஆனா நான் புள்ளைகள விட்டுட்டுப் போகல, காசு நிப்பாட்டமாட்டேன், லோயர் கடன்ல மிச்சமிருக்குற என் பங்கயும் கட்டுவேன், அத மறக்காம சொல்லுன்னாங்க. அழுதாங்க. நானும் அழுதேன். அம்மாகிட்ட முந்துன நாள் ராத்திரி சொன்னேன், அம்மா கத்தல. எந்திரிச்சுப் போய் காலண்டர எடுத்து மடிச்சு அடுப்புக்கிட்ட வச்சாங்க, காலையில அதுலதான் அடுப்பு பத்த வச்சு எனக்கு ரொட்டி சுட்டுக் குடுத்தாங்க.

நலன்புரி அதிகாரி தமிழ் கொஞ்சம் பேசுனாரு, என் சிங்களம் அவரு தமிழ விட மோசம், ஆனா பயமா இருக்குங்குறத அந்த வார்த்தயாவே சொன்னேன் ஐயா, நீங்க சொன்ன மாதிரி. ஒரு சின்ன ரூம்ல வாங்கு போட்டு ஒக்கார விட்டாங்க, வாசல்ல ஒரு ராலாமி, அதான் ஜெயில் காவலர், நின்னாரு. அண்ணன் உள்ள வந்த ஒடனே எடத்தப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, "அம்மாவுக்கு ஏதாச்சுமா?" ன்னு கேட்டாரு. இல்லண்ணே, அம்மா நல்லாருக்காங்க, அண்ணி இனிமே வரமாட்டாங்கண்ணே, வேற ஒருத்தரோட இருக்காங்கன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டேன். பஸ்ஸுல எத்தனையோ மாதிரி யோசிச்சு வச்சிருந்தேன், ஒண்ணும் வரல, இதுதான் வந்துச்சு.

அவரு கை ரெண்டையும் தொடை மேல வச்சுக்கிட்டு விரல எண்ணுற மாதிரி பாத்துக்கிட்டே இருந்தாரு. தச்சு வேலைல இருக்குறதால நகமெல்லாம் பொலிஷ் கறுப்பு. ரொம்ப நேரம் கழிச்சு, எப்பலருந்துன்னு கேட்டாரு. எனக்கு சித்திரையிலதான் தெரியும்னேன். அப்ப காய்ச்சல்னு சொன்னது? பொய்ண்ணே. ரோட்ட மூடுனது? பொய்ண்ணே. ஒவ்வொண்ணா கேட்டாரு, எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருந்தாரு, நானும் ஒவ்வொண்ணுக்கும் பொய்ண்ணே பொய்ண்ணேன்னு சொன்னேன். கடைசில, "பாப்பாவுக்கு பல்லு விழுந்தது?" ன்னு கேட்டாரு. அது நெசம்ணேன்னேன். அதுக்குத்தான் அழுதாரு.

யாரு என்னன்னு கேட்டாரு, எனக்குத் தெரியாது, நான் கேக்கலன்னு சொன்னேன், அது உண்மையும்தான். காச பத்தியும் புள்ளைகள பத்தியும் அண்ணி சொன்னத அப்பிடியே சொன்னேன். அடுத்து விட்ட மொத நாளுக்கே திரும்பப் போனேன். மெலிஞ்சு இருந்தாரு, சாப்புடுறேன்னு சொன்னாரு, நம்புறேன். அதுக்கு அடுத்த தடவ ரெண்டு புள்ளையயும் கூட்டிட்டுப் போனேன், பாப்பா கம்பிக்கிட்ட வாயத் தொறந்து புதுப்பல்லு மொளைக்கிறதக் காட்டுனா. மகன் பஸ்ஸுல போறப்ப என்கிட்ட ஒண்ணும் கேக்கல, ஜன்னல்ல தலைய வச்சு கம்பளை வரைக்கும் தூங்குனான்.

இப்ப ஒரு விசயம். நேத்து தபால்ல அண்ணன்கிட்டருந்து எனக்கு ஒரு லெட்டர் வந்துச்சு, உள்ள இன்னொரு தாள், நாலா மடிச்சு மேல அண்ணி பேரு. ஒட்டல, சும்மா மடிச்சுதான் இருக்கு. எனக்கு எழுதுனதுல அவகிட்ட குடுத்துருன்னு மட்டும்தான் இருக்கு. அம்மா என்ன எழுதியிருக்கான்னு பாருடின்னு நச்சரிக்கிறாங்க, திட்டி எழுதியிருந்தா குடுக்காதங்குறாங்க. எனக்கும் கையி துறுதுறுன்னு இருக்கு. என் கைப்பையிலதான் கெடக்கு.


பதுளை_மழை:

பிரிக்காம குடுத்துருங்க தங்கச்சி. திட்டியிருந்தாலும் அது அவங்களுக்கு வந்தது. எனக்கும் ஒண்ணு வந்துச்சு, ஒரு பக்கம் முழுக்க திட்டு, கடைசி வரில புள்ளைக்கு மூச்சிழுப்பு வந்தா மருந்து குடுக்க மறந்துறாதன்னு இருந்துச்சு. இன்னும் வச்சிருக்கேன்.


மஸ்கெலியா_பொண்ணு:

சரி அக்கா. சனிக்கெழம அண்ணி ஹட்டன் வரைக்கும் வர்றாங்க, பஸ் ஸ்டேண்ட்ல பாத்துக் குடுக்குறேன்.